எம்.ஐ.ஏ.யின் பாட்டு ஏன் மாங்குளத்துக்கு வந்து சேரவில்லை?

2009 பெப்ரவரி 8ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிராமி விருது விழா. நிறைமாதக் கர்ப்பிணியாக ஒரு தமிழ்ப் பெண் மேடைக்கு வந்தார். பிள்ளை பிறக்கும் என்று குறிக்கப்பட்டிருந்த திகதியும் அதேநாள்தான். ஜே-ஸீ, கன்யே வெஸ்ட், லில் வெய்ன், ரி.ஐ. என்று அமெரிக்க றாப் உலகின் நான்கு பெரிய ஆண்களோடு நின்று அவர் பாடினார். அந்த நால்வரும் பாடிய பாட்டே, இந்தப் பெண்ணின் பழைய பாட்டொன்றிலிருந்து வெட்டியெடுத்த குரலை வைத்துக் கட்டப்பட்டதுதான்.

அந்த நேரம் இலங்கையில் 9ஆம் திகதி காலை. மாங்குளம் படையினர் வசமாகி மூன்று மாதம் ஆகப்போகிறது. 2008 நவம்பர் 17இல் அது விழுந்தது. அதற்கு முன்னரே சனம் பெட்டி படுக்கையோடு கிழக்கே நகர்ந்துவிட்டது. ஜனவரி 2இல் கிளிநொச்சி, 25இல் முல்லைத்தீவு நகரம். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை விழுந்து விழுந்து பெப்ரவரி முதல் வாரத்தில் கைவிடப்பட்டு, நோயாளர்கள் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். அங்கும் நிறைமாதத்தோடு பெண்கள் இருந்தார்கள். இதை வாசிக்கும் பலருக்கு அந்தக் காலையில் தாங்கள் எந்தப் பதுங்குகுழியில் இருந்தோம் என்பது இன்றும் நினைவிருக்கும்.

அந்த மேடையில் நின்றவர் மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ. அந்த ஆண்டு ரைம் சஞ்சிகை உலகில் செல்வாக்கு மிக்க 100 பேரில் ஒருவராக அவரைச் சேர்த்தது. ஏ.ஆர்.ரஹ்மானோடு 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்துக்குச் செய்த பாட்டுக்காக ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. அந்த வாரங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அவர் வாய் திறந்தபோதெல்லாம் வன்னியைப் பற்றிப் பேசினார். நடப்பது இனப்படுகொலை என்ற சொல்லை, அரசியல்வாதிகள் பலர் விழுங்கிக்கொண்டிருந்த வேளையில் பாவித்தார்.

ஆனால் மாங்குளம் சந்தியில் நிற்கும் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்கிறார்கள். சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்பவர்களின் காதில் செருகியிருப்பது அனிருத். கோயில் திருவிழா ஸ்பீக்கரில் பழைய சௌந்தரராஜன், பிறகு சினிமாக் குத்துப்பாட்டு. எங்களைப் பற்றிப் பேசியே உலகம் முழுக்க ஒரு தலைமுறையின் காதில் விழுந்த பாடகி எங்கள் ஊருக்கு மட்டும் எப்படி வராமல் போனார்? அதைச் சொல்ல, அவர் பாடியது எந்த வகைப் பாட்டு, அது யாரை எப்படி மாற்றியது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

சத்தத்தின் வம்சம்

கண்டிப்பாகப் பார்த்தால் எம்.ஐ.ஏ. றொக் பாடகி அல்ல. கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவர் அல்ல. றாப், ஜமேக்கா நடனஇசை, இலத்திரனியல் மேளம் எல்லாம் கலந்த ஒன்று அது. ஆனால் அவர் வந்த வழி றொக்கின் வழி, அதிலும் பங்க் றொக்கின் வழி.

மேற்கில் 'எதிர்ப்பண்பாடு' என்று சொல்வது, பெற்றோரும் பாடசாலையும் அரசாங்கமும் 'இப்படித்தான் வாழவேண்டும்' என்று வகுத்ததை இளையவர்கள் உடுப்பிலும் தலைமயிரிலும் பாட்டிலும் மறுப்பது. 1960களில் அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு எதிரான மனநிலையோடு அது வளர்ந்தது. ஜனிஸ் ஜொப்ளின் போன்ற ஒரு பெண் மேடையில் தொண்டை கிழியக் கத்திப் பாடியதே, பெண் எப்படிப் பாடவேண்டும் என்ற வழக்கத்தை உடைத்தது. 1970களின் நடுவில் பிரித்தானியாவில் வேலையில்லாத இளையவர்கள் மூன்று சுரம் தெரிந்தால் போதும் என்று கிற்றாரைத் தூக்கினார்கள். அதுதான் பங்க். அந்தக் கூட்டத்தில் சோமாலியத் தகப்பனுக்கும் வெள்ளைக்காரத் தாய்க்கும் பிறந்த பொலி ஸ்ரைரீன் என்ற பெண், பல்லில் கம்பி போட்டபடி, அழகாயிருக்க மறுத்துப் பாடினார். 1978 ஏப்ரல் 30இல் லண்டன் விக்ரோரியா பூங்காவில் இனவாதத்துக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் கூடியபோது அவரது குழுவும் 'த கிளாஷ்' குழுவும் ஒரே மேடையில் பாடின.

கிளாஷ் குழு 1982இல் குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் பற்றி ஒரு பாட்டுச் செய்தது. அந்தப் பாட்டின் வாத்திய ஒலியைத்தான் இருபத்தைந்து வருடம் கழித்து மாயா எடுத்துத் தன் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு அடித்தளமாகப் போட்டார். அவர் முதலில் இசை உலகுக்குள் வந்ததும் ஒரு றொக் குழுவின் பின்னால்தான். சென்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்து முடித்தவர், 'எலாஸ்ரிகா' குழுவின் 2000ஆம் ஆண்டு அல்பத்துக்கு அட்டைப்படம் செய்து, அவர்களின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கப் போனார். அந்தப் பயணத்தில்தான் பீச்சஸ் என்ற பாடகி அவருக்கு ரோலண்ட் எம்.சி.-505 என்ற கருவியைக் காட்டினார். மேளம், கீபோட் இரண்டையும் ஒருவரே செய்யக்கூடிய ஒரு பெட்டி. பாட்டு வாத்தியார், ஸ்ரூடியோ, வாத்தியக்காரர் எதுவும் வேண்டாம். முறையாகச் சங்கீதம் படிக்காத ஒரு அகதிப் பிள்ளை படுக்கையறையில் இருந்து பாட்டுச் செய்ய அந்தப் பெட்டி போதுமாயிருந்தது.

பெயருக்குள் ஒரு காணாமல்போனவர்

மாயா 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தகப்பன் அருட்பிரகாசம், இயக்கப் பெயர் அருளர். மொஸ்கோவில் பொறியியல் படித்தவர். 1975இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் அமைப்பின் ஆரம்பகர்த்தாக்களுள் ஒருவர். 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவரும் அவரே. 1977 வன்செயலுக்குப் பிறகு கொழும்பிலிருந்து வடக்குக்குத் தமிழரை ஏற்றிவந்த கப்பலைப் பற்றியது அந்த நாவல். அதே வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக் காடுகளில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் பாடசாலைகளில் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

மேற்கத்தைய பத்திரிகைகள் மாயாவை 'தமிழ்ப் புலியின் மகள்' என்று திரும்பத் திரும்ப எழுதின. அது பிழை. அருளர் புலிகள் இயக்கத்தில் இருந்தவர் அல்ல. எங்களுக்கு ஈரோஸுக்கும் புலிகளுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலான வேலி மாதிரித் தெளிவானது. நியூயோர்க்கில் இருப்பவருக்கு எல்லாம் ஒரே காடு. அந்த ஈரோஸின் தலைவராயிருந்து 1990இல் புலிகளோடு இணைந்த வே.பாலகுமாரன், 2009 மே மாதம் மகனோடு படையினரிடம் சரணடைந்தபின் இன்றுவரை என்ன ஆனார் என்று சொல்லப்படவில்லை.

தகப்பன் வீட்டுக்கு எப்போதாவது வருவார். வந்தால் பிள்ளைகளுக்கு 'மாமா' என்று அறிமுகம். பாதுகாப்புக்காக. வன்னியில் வளர்ந்த பலருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இடையில் கொஞ்சக்காலம் சென்னையில் வறுமை, பிறகு திரும்ப யாழ்ப்பாணம், கடைசியில் 1986இல் தாய் கலா பிள்ளைகளோடு லண்டனுக்கு அகதியாகப் போனார். தென் லண்டனில் மிச்சம் பகுதியிலுள்ள அரசாங்கத் தொடர்மாடி வீட்டில் குடியிருப்பு. வீட்டிலிருந்த வானொலிப் பெட்டி திருட்டுப்போனதாகவும், பிறகு பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட கறுப்பினத்தவரின் ஹிப் ஹொப்தான் தனக்குப் பாட்டாக வந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். தாய் தையல் வேலை செய்தார். அரசியின் பெயரால் வழங்கப்பட்ட விருதுப் பதக்கங்களைக் கையால் தைப்பதும் அவரது வேலைகளுள் ஒன்று. 2020 ஜனவரியில் மகள் அதே வகைப் பதக்கமொன்றை வாங்கியபோது, அம்மா தைத்த பதக்கம் என்பதற்காகவே வாங்கியதாகச் சொன்னார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விடியப்புறம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி தனியாக விளங்கும்.

'எம்.ஐ.ஏ.' என்பது போர்க்களத்தில் காணாமல்போன படைவீரனைக் குறிக்கும் இராணுவச் சுருக்கெழுத்து. தன் வயதொத்த ஒரு மச்சான் இலங்கையில் காணாமல்போனதை நினைத்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். லண்டனில் அவர் அப்போது இருந்த அக்டன் என்ற இடத்தின் பெயரோடு அது விளையாடவும் செய்கிறது. மேற்கத்தைய ரசிகனுக்கு அது பகிடியான ஒரு மேடைப்பெயர். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தெருவில் அமர்ந்த தாய்மாருக்கு அது அவர்கள் கையில் பிடித்திருக்கும் படம்.

முதல் அல்பம் 2005இல் வந்தது. அதற்குத் தகப்பனின் இயக்கப் பெயரான 'அருளர்' என்றே பெயர் வைத்தார். தகப்பன் தன் பெயரை இணையத்தில் தேடினால் மகளின் பாட்டு வந்து நிற்கட்டும் என்று நினைத்ததாகச் சொன்னார். தகப்பன் பெயரை மாற்றச் சொன்னார், மகள் மாற்றவில்லை. 2007இல் வந்த இரண்டாவது அல்பத்துக்குத் தாயின் பெயர், 'கலா'. போராட்டத்துக்குப் போனவனுக்கு ஒரு அல்பம், பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு அல்பம். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் நான் தாயின் அல்பத்தைத்தான் சொல்வேன்.

சூட்டுச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும்

'கலா'வைச் செய்யும் காலத்தில் அவருக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பெரிய ஸ்ரூடியோவில் செய்ய நினைத்த அல்பம் அதனால் சென்னை, ட்ரினிடாட், லைபீரியா என்று அலைந்து செய்யப்பட்டது. சென்னையில் உறுமி மேளக்காரர்களைக் கூட்டி ஒரு பாட்டுக்கு அடிக்க வைத்தார். இளையராஜாவின் 'தளபதி' பாட்டொன்றின் துண்டு இன்னொன்றில் வருகிறது. கோயில் வாசலில் கேட்கிற மேளம் லண்டன் இரவு விடுதியில் கேட்கத் தொடங்கியது இப்படித்தான். விசா மறுத்தவர்கள் அந்த அல்பத்துக்குச் செய்த உதவி பெரியது.

'பேப்பர் பிளேன்ஸ்' அந்த விசா அலைச்சலில் பிறந்த பாட்டு. குடியேறி என்றால் கள்ளப் பாஸ்போட், கொள்ளை, ஆபத்து என்று நினைக்கும் மேற்கு நாட்டுக் கண்ணை அவர் ஏளனம் செய்கிறார். 'ஓம், நீங்கள் நினைக்கிற மாதிரியே நாங்கள்' என்பதுபோன்ற தோரணை. கோரஸ் வரும் இடத்தில் சொற்கள் நின்றுவிடும். பதிலுக்குத் துப்பாக்கிச் சூட்டுச் சத்தமும், கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் 'கிளிங்' சத்தமும். பின்னால் சிறு பிள்ளைகளின் குரல். 2008 செப்டெம்பர் அளவில் அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. அதே செப்டெம்பரில்தான் ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் அரசின் உத்தரவில் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது.

அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தப் பாட்டிலிருந்து துப்பாக்கிச் சத்தத்தை நீக்கியோ மாற்றியோ ஒலிபரப்பின. வீட்டில் பிள்ளைகள் கேட்கக்கூடாது என்பது கவலை. நல்ல கவலைதான். வன்னிப் பிள்ளைகளின் காதுக்கு யாரும் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை.

இந்தப் பாட்டு இளையவர்களிடம் என்ன செய்தது? அதுவரை மேற்கில் 'அகதி' என்பவர் இரக்கத்துக்குரியவர்: கண்ணீர், போர்வை, வரிசை. மாயா அந்தச் சொல்லுக்குத் திமிரைக் கொடுத்தார். மஞ்சளும் பச்சையும் ஊதாவும் ஒன்றோடொன்று மோதும் உடுப்பு, தமிழ்நாட்டுச் சினிமாச் சுவரொட்டி மாதிரியான அட்டைப்படங்கள், சரியாகப் பாடாமல் பேச்சும் கத்தலுமாக வரும் குரல். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சோற்றுப்பெட்டி மணக்கிறது என்று பாடசாலையில் கேலி வாங்கிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு, கேலி செய்த அதே பிள்ளைகள் இந்தப் பாட்டுக்கு ஆடுவது ஒரு பெரிய திருப்பம். தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமல்ல. அரபுப் பிள்ளை, ஆபிரிக்கப் பிள்ளை, மெக்சிக்கோப் பிள்ளை எல்லோரும் அதில் தங்கள் பங்கைக் கண்டார்கள். 2012இல் சவூதிப் பெண்கள் கார் ஓட்டத் தடைசெய்யப்பட்டிருந்ததை வைத்து மொறொக்கோவில் எடுத்த வீடியோவும், 2015இல் அகதிப் படகுகளை வைத்துச் செய்த 'போர்டர்ஸ்' வீடியோவும் அதே தோரணைதான். பின்னதில் அவர் போட்டிருந்த பந்தாட்டச் சட்டையில் விமான நிறுவனத்தின் விளம்பர வாசகத்தைக் கடற்கொள்ளையர் என்று வரும்படி மாற்றியிருந்தார். பாரிஸ் சென்ற் ஜேர்மன் கழகம் சட்டத்தரணி பாணியில் கடிதம் எழுதியது. அகதிகளைப் பற்றி யாரும் அவ்வளவு விரைவாகக் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

2009 ஏப்ரல் 6 முதல் 73 நாட்கள் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தை நிறைத்தவர்களும், மே 10இல் ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்தவர்களும் பெருமளவில் இந்த வயதுக்காரர்கள். அவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது மாத்தளனிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள். ஒரு பாடகி அல்ல. அதை மிகைப்படுத்தக்கூடாது. ஆனால் தமிழர் என்றால் யாரென்று கேட்ட ஊரில், 'எம்.ஐ.ஏ.யின் ஆட்கள்' என்று சொல்லி ஒரு பேச்சைத் தொடங்கக்கூடியதாக இருந்தது.

அவர் மீதான கேள்விகள்

கேள்விகளும் இருந்தன. இலங்கை அரசும் அதன் ஆதரவாளர்களும் அவரைப் பயங்கரவாதத்தின் ஊதுகுழல் என்றார்கள். 2010இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் வந்த நீண்ட கட்டுரை, அவர் விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டபடியே ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசியதாகக் காட்டியது. அவர் தன்னிடமிருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார்: பொரியலைக் கேட்டு வாங்கச் சொன்னது பேட்டி எடுத்தவரே. வசதியாய் இருப்பவர் துன்பத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்ற வாதம் எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. துன்பத்தில் இருந்தவர்கள் பேசியபோது யார் கேட்டார்கள்?

ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து கேட்கவேண்டிய கேள்வி வேறு. 2001இல் லண்டனில் அவர் வைத்த முதல் ஓவியக் கண்காட்சியில் புலி, துப்பாக்கி, பனைமரம் எல்லாம் வண்ண வண்ண ஸ்பிறே மையில் இருந்தன. அது பரிசுப் பரிந்துரை வரை போனது. அங்கே அது அதிர்ச்சி. இங்கே? அதே நாட்களில் வன்னியில் பின்னல் மடித்துக் கட்டிய பெண்பிள்ளைகள் துப்பாக்கியோடு மோட்டார் சைக்கிளில் போவது காலைக் காட்சி. மேற்கில் எதிர்ப்பண்பாடாக இருந்தது இங்கே நடைமுறை. செல்வாக்கு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால், வன்னிப் பெண்களின் தோற்றத்திலிருந்துதான் அந்தப் படங்கள் தங்கள் வலுவைக் கடன் வாங்கின.

அந்தப் பெண்பிள்ளைகளில் விரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். கடைசிக் காலத்தில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். பிள்ளையை ஒளித்து வைத்த, அவசரக் கலியாணம் கட்டிக்கொடுத்த பெற்றோர் மாங்குளத்திலும் இருக்கிறார்கள். மாயாவின் பாட்டில் முதலாமவர் உண்டு; இரண்டாமவர் இல்லை. தான் புலிகளை ஆதரிக்கவில்லை, சனத்துக்காகத்தான் பேசுகிறேன் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதை நம்புகிறேன். ஆனால் சனத்துக்காகப் பேசும்போது சனத்தின் இந்தப் பகுதியும் வரவேண்டும். பத்து வயதில் ஊரைவிட்டுப் போனவரிடம் இதைக் கேட்பது அநியாயமாகவும் இருக்கலாம். இங்கே இருந்த நாங்களே இன்னும் உரத்துப் பேசாத ஒன்று அது.

இங்கே ஏன் கேட்கவில்லை

எளிய காரணங்கள் முதலில். ஆங்கிலப் பாட்டு. மின்சாரமும் இணையமும் இல்லாத காலம். 2009இல் அவர் பெயர் உச்சத்தில் இருந்தபோது எங்களில் பெரும்பாலானவர்கள் முட்கம்பிக்குள், மெனிக்பாமில் தண்ணி வரிசையில் நின்றோம். மீள்குடியேறி வந்தபோது வீட்டுக்குக் கூரை தேடினோம். ரயில் கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியதே 2013இல்.

அதற்குக் கீழே இன்னொரு காரணம் இருக்கிறது. எதிர்ப்பண்பாடு என்பது அதிகாரத்துக்கு முதுகைக் காட்டுவது. வன்னியில் எதிர்ப்பே அதிகாரமாக இருந்தது. புலிகளின் குரல் வானொலியில் ஒலித்ததும், எஸ்.ஜி.சாந்தன் போன்றவர்கள் பாடி வீதியெங்கும் கேட்டதும் போராட்டப் பாட்டு. அவை சனத்தின் மனதைத் தொட்டன என்பதை மறுக்க முடியாது. சாந்தன் 2017இல் இறந்தபோது அழுதவர்கள் யாரும் கட்டாயத்தில் அழவில்லை. ஆனால் அங்கே பாட்டு கட்டளையோடு சேர்ந்து வந்தது. பதினாறு வயதுப் பிள்ளை தன் விருப்பத்துக்குக் குழம்பிக் கத்த ஒரு இடம் அதில் இருக்கவில்லை.

போர் முடிந்தபின் அந்த இடம் திறந்திருக்கவேண்டும். வேறு கதவுகள் மூடின. தலைமயிரை வளர்த்த பையன் 'சீரழிந்தவன்'. போனில் பாட்டுப் போட்டுத் திரிபவன் 'போதைக்காரன்'. புனர்வாழ்வு முடித்து வந்த பெண்ணுக்கு முதலில் சொல்லப்பட்டது, மயிரை வளர், அடக்கமாய் உடுத்து, பழைய கதையை யாருக்கும் சொல்லாதே என்பது. மைக் என்பது ஆண்களின் கையில்: விளையாட்டுக் கழகத்தில், கோயில் நிர்வாகத்தில், கலியாண வீட்டு இசைக்குழுவில். பெரியபிள்ளையான பிறகு மேடையில் பாடும் பெண்பிள்ளைக்குத் தேவாரமும் வரவேற்புப் பாட்டும்தான் பாதுகாப்பானவை.

அரசின் கண் இன்னொன்று. லண்டன் கண்காட்சியில் பரிந்துரை பெற்ற அதே புலிப் படத்தை மாங்குளம் சந்திச் சுவரில் ஒரு மாணவி ஸ்பிறே பண்ணினால் அன்று மாலையே விசாரணை வரும். பேஸ்புக்கில் ஒரு நினைவேந்தல் படம் போட்டதற்காகவே பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் உள்ளே போன இளைஞர்கள் இருக்கிறார்கள். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம் அது. அமெரிக்காவில் 2012 சூப்பர் போல் ஆட்ட இடைவேளையில் மடோனாவோடு பாடியபோது மாயா கமராவுக்கு நடுவிரல் காட்டினார். ஆட்டச் சங்கம் மில்லியன் கணக்கில் டொலர் கேட்டு வழக்குப் போட்டது, 2014இல் இணக்கத்தில் முடிந்தது. அங்கே விலை பணம்.

ஒரு பெண் நடுவீதியில், எழுதிக்கொடுக்கப்படாத சொற்களில், தொண்டை கிழியக் கத்தி அதிகாரத்தைப் பெயர் சொல்லி அழைப்பது வன்னியில் நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் செய்வது அதுதான். ஒப்பாரியின் இழுவையில் அமைச்சரின் பெயர் வருகிறது, இராணுவத் தளபதியின் பெயர் வருகிறது, சில வேளை எங்கள் அரசியல்வாதிகளின் பெயரும் வருகிறது. அந்தக் குரலில் இருக்கும் கட்டற்ற தன்மையை நான் எந்தப் பங்க் பாட்டிலும் கேட்டதில்லை. வித்தியாசம் வயதில் இருக்கிறது. மேற்கில் பிள்ளைகள் கத்தினார்கள். இங்கே கத்தும் தாய்மாருக்கு அறுபது, எழுபது வயது. பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள்.

பின்னால் வந்தவர்கள்

மாயா திறந்த வழியால் ஈழத்து வேர்கொண்ட வேறு பெண்களும் வந்தார்கள். சுவிற்சர்லாந்தில் அகதிக் குடும்பத்தில் பிறந்த பிரியா ராகு 2021இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரிலேயே தமிழ் என்ற சொல்லைச் சேர்த்தார். ரொறன்ரோவின் நவ்ஸ்-47 தமிழிலேயே றாப் செய்கிறார். 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தின் 'நீயே ஒளி' பாட்டில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஷான் வின்சென்ற் டி போலோடு சேர்ந்து அவர் குரலும் வருகிறது. அந்தப் பாட்டு மாங்குளத்துக்கு வந்துவிட்டது. ஓட்டோவில் கேட்கலாம், ரிக்ரொக்கில் பிள்ளைகள் அதற்கு உடற்பயிற்சி செய்கிறார்கள். அதைப் பாடுவது ஈழத்தமிழர் என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது. சென்னைச் சினிமா வழியாக வந்தால்தான் எங்கள் குரலே எங்களுக்கு வந்து சேர்கிறது.

எம்.சி.-505 செய்த வேலையை இப்போது ஒரு சாதாரணப் போன் செய்யும். இலவசச் செயலியில் மேளம் போடலாம், குரலைப் பதியலாம், யூரியூப்பில் ஏற்றலாம். வன்னியில் சொல்லிசை செய்யும் பையன்கள் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளின் குரல் அரிது; வந்தாலும் முகம் காட்டாமல் வருகிறது. முகம் காட்டினால் கீழே வரும் கருத்துகளை வாசித்தவர்களுக்கு ஏனென்று தெரியும்.

மாயாவைத் தெரியாதவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், பாட்டிலிருந்து அல்ல, 2018இல் வெளிவந்த ஆவணப்படத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அவரது கலைக்கல்லூரி நண்பர் ஸ்ரீவ் லவ்ரிட்ஜ் இயக்கி, சண்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்பு விருது பெற்ற படம் அது. பாடகியாகும் முன் 2001இல் கையில் ஒரு கமராவோடு இலங்கைக்கு வந்து, சொந்தக்காரரின் வீடுகளில் அவர் எடுத்த காட்சிகள் அதில் இருக்கின்றன. மேடை இல்லை, வண்ண உடுப்பு இல்லை. லண்டன் பெட்டை ஒருத்தி உறவுகளுக்கு நடுவே இருந்து, அரைகுறைத் தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.